ஐந்து படிவங்களில் எழுதிய ‘இல்லை’

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம், அம்மா நலம், சித்தப்பாவும் இப்போதைக்கு இருக்க வேண்டிய அளவுக்கு நலம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். இத்தனை நாள் நான் நலம் என்று எழுதியதெல்லாம் பாதிப் பொய். இன்று எழுதியிருப்பது முக்கால்வாசி உண்மை, மீதிக் கால்வாசியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முப்பத்து நான்கு வயதுப் பெண்ணை இன்னும் வாலு என்கிறீர்களே என்று அம்மா சண்டைக்கு வருவாள், அவள் இப்போது பக்கத்தில் இல்லாததால் தைரியமாக எழுதுகிறேன். நான் இருப்பது வீட்டில் இல்லை. ரயிலில் மூன்று மணி நேரம் தள்ளி இருக்கிற பெரிய மருத்துவமனையில், கதிர்வீச்சுப் பிரிவு இருக்கும் அடித்தளத்தில், காத்திருப்பு அறையின் நீல நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பழைய பத்திரிகையை அடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எதிரில் உன் சித்தப்பா கையில் தண்ணீர்ப் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கிறான். இன்றைக்குப் பதின்மூன்றாவது நாள், மொத்தம் இருபது. நான் யாருக்கு எழுதுகிறேன் என்று அவனுக்குத் தெரியும், அதனால் தொந்தரவு செய்யவில்லை.

சித்தப்பாவுக்கும் எனக்கு வந்த அதே புரோஸ்டேட் புற்றுநோய்தான் என்று அம்மா உனக்குச் சொன்னாள். வெளியே எங்கும் பரவவில்லை, கதிர்வீச்சே போதும் என்று சொல்லிவிட்டார்கள். எங்கே கொடுப்பது என்பதுதான் கேள்வியாக இருந்தது. நான் பார்த்துக்கொண்ட மருத்துவமனை வீட்டிலிருந்து கால் மணி நேரம். சித்தப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, லிஃப்ட் மெக்கானிக் ஒருவன் ஒரு நாள் லீவு போட்டால் ஊரில் ஒரு மனிதனும் மூன்றாவது மாடிக்குப் போக முடியாது என்கிற மாதிரிப் பேசுவான். காலையில் கதிரை வாங்கிக்கொண்டு பத்து மணிக்கு வேலைக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தான். அண்ணன் அங்கேதான் பார்த்தான், கல்லு மாதிரி இருக்கிறான் என்று கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். நீயும் ஃபோனில் அவனிடம், அப்பா பார்த்த இடத்திலேயே பாருங்கள், அப்பா நன்றாகத்தானே இருக்கிறார் என்று சொன்னாயாம். உன்னைக் குறை சொல்லவில்லை. நான் உனக்கு என்ன சொல்லி வைத்திருந்தேனோ அதைத்தான் நீ அவனுக்குச் சொன்னாய்.

கல்லு மாதிரி இருந்த கதையைச் சொல்கிறேன், சாப்பிடும் நேரத்தில் இதைப் படிக்காதே. ஆறு வருடத்துக்கு முன்னால் எனக்கு முப்பத்தேழு நாள் கதிர் கொடுத்தார்கள். அந்தப் புரோஸ்டேட் சுரப்பி மூத்திரப் பைக்குக் கீழே இருக்கிறது. அதன் முதுகில் ஒட்டினாற்போல மலக்குடல், நடுவில் ஒரு விரல் நுழைய இடம் கிடையாது. எனக்குக் கொடுத்தது பழைய முறை. நான்கு பக்கத்திலிருந்து அடித்து, சுரப்பியைச் சுற்றிப் பெட்டி போட்ட மாதிரி ஒரு இடத்தையே கதிரால் நிரப்பிவிடுவார்கள், சுரப்பி கொஞ்சம் அசைந்தாலும் தப்பிவிடக் கூடாது என்று பெட்டியைத் தாராளமாகவே போடுவார்கள். அந்தத் தாராளத்துக்குள் மலக்குடலின் முன்பக்கச் சுவரும் மாட்டிக்கொள்ளும். நோய் போய்விட்டது, இரத்தப் பரிசோதனையில் எண் இன்றுவரை ஏறவில்லை, அதற்கு நான் அந்த மெஷினைக் கும்பிட வேண்டும். ஆனால் ஒரு வருடம் கழித்து ஒரு காலையில் இரத்தம் போனது. பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள். அதைவிட மோசம் அவசரம். வருகிறது என்று தெரிந்த பிறகு எனக்குக் கிடைக்கிற நேரம் ஒரு நிமிடம், சில நாள் அதுவும் இல்லை. முப்பத்தோரு வருடம் நெடுந்தூரப் பேருந்து ஓட்டியவன், ஒரே மூச்சில் ஐந்து மணி நேரம் சீட்டை விட்டு எழாமல் ஓட்டியவன், தெருமுனைக் கடைக்குப் போய்ப் பால் வாங்கிவரப் பயந்தேன். எந்தக் கடையில் கழிவறை உண்டு, எது பூட்டியிருக்கும், எந்தப் பெட்ரோல் பங்க்கில் சாவி கேட்க வேண்டும் என்று ஊர் முழுக்க எனக்கு அத்துப்படி. கடைசியில் அந்த ஞானமும் வேண்டாம் என்று வீட்டோடு இருந்துவிட்டேன்.

உன் கல்யாணப் பதிவுக்கு நான் வராததும் இதனால்தான். காய்ச்சல் என்று அம்மா சொன்னாள், நீ நம்பவில்லை என்பது அன்றைக்கே உன் குரலில் தெரிந்தது. நீயாகத் தேர்ந்தெடுத்த மாப்பிள்ளை, அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, அதுதான் முகத்தைக் காட்டவில்லை என்று நீ மூன்று வருடமாக மனதுக்குள் வைத்திருக்கிறாய். நடந்தது வேறு. நானும் அம்மாவும் ரயில் நிலையம் வரை வந்தோம். முந்தின நாளிலிருந்தே நான் ஒன்றும் சாப்பிடவில்லை. புதுச் சட்டை, தேய்த்த பேன்ட். இரண்டாவது பிளாட்ஃபாரத்தில் கழிவறை மறுகோடியில் இருந்தது, பாதி தூரம் கூடப் போக முடியவில்லை. பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஜனங்கள் என்னைச் சுற்றிப் போய்க்கொண்டே இருந்தார்கள், நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா தன் சால்வையை என் இடுப்பில் சுற்றிவிட்டாள். நீ போ, பிள்ளை தனியாக நிற்கும் என்று அவளை ரயிலில் ஏற்றிவிட்டு நான் நடந்தே வீட்டுக்கு வந்தேன், ஆட்டோவில் உட்கார முடிகிற நிலையில் இல்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன், அதனால் அவள் மேல் கோபப்படாதே. மாப்பிள்ளையை எனக்கு முதல் ஃபோனிலேயே பிடித்துவிட்டது. ரிவர்ஸ் எடுக்கும்போது மூன்று கண்ணாடியையும் பார்ப்பேன் என்று சொன்னார் பார், அதற்கு மேல் ஒரு ஆளைப் பற்றித் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது.

சரி, டாக்டரிடமாவது சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். இங்கேதான் உன் அப்பாவின் புத்திசாலித்தனம் வருகிறது. வருடத்துக்கு ஒருமுறை அந்த மருத்துவமனையில் ஒரு படிவம் கொடுப்பார்கள். இரத்தம் போகிறதா, அவசரமாக ஓட வேண்டியிருக்கிறதா, கசிவு உண்டா, வெளியே போவதைக் குறைத்துக்கொண்டீர்களா, எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். எங்கள் டிப்போவிலும் டிரைவர்களுக்கு வருடா வருடம் உடல் தகுதிப் படிவம் உண்டு. மயக்கம் வருமா, தலை சுற்றுமா, தூக்கம் கெடுமா என்று முப்பது கேள்வி. ஒருவரும் படிக்க மாட்டோம். மேலிருந்து கீழே வரை ‘இல்லை’ கட்டத்தில் ஒரே வேகமாக டிக் போட்டு நீட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். தப்பித் தவறி ஒரு ‘ஆம்’ போட்டால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு டிக்கெட் கவுண்டரில் உட்கார வைத்துவிடுவார்கள், அங்கே போனவன் திரும்பி வண்டி ஏறியதே இல்லை. அது தப்புதான், ஐம்பது உயிரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு செய்யக் கூடாத தப்பு. முப்பத்தோரு படிவம் அப்படிப் போட்ட கை, மருத்துவமனைப் படிவத்தைக் கண்டதும் தானாகவே ‘இல்லை’ பக்கம் போய்விட்டது. ஐந்து வருடம், ஐந்து படிவம், ஒரு ‘ஆம்’ கிடையாது. ஓய்வு பெற்றவனிடமிருந்து யார் எந்த ஸ்டியரிங்கைப் பிடுங்கப்போகிறார்கள் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. வெட்கமும் இருந்தது, அதை மறைக்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் சித்தப்பாவோடு துணைக்கு அதே மருத்துவமனைக்குப் போனேன். அதே டாக்டர், நல்ல மனிதர், அவசரப்படாமல் பேசுவார். சித்தப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். நாள் முழுக்க லிஃப்ட் குழிக்குள் தொங்கிக்கொண்டு செய்கிற வேலை, நினைத்த நேரத்தில் இறங்கி ஓட முடியாது, பின்னால் வயிறு கெட்டுப்போகுமா என்று கேட்டான். சிலருக்குப் பல மாதம், சில வருடம் கழித்துக்கூட மலக்குடலில் தொந்தரவு வரும், பெரும்பாலானவர்களுக்குப் பெரிதாக வராது என்று டாக்டர் சொன்னார். அவன் முகத்தில் இன்னும் சந்தேகம் இருந்தது. உங்கள் ஃபைலைக் காட்டலாமா என்று டாக்டர் என்னிடம் கேட்டார், நான் தலையாட்டிவிட்டேன், அந்த நேரத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை. ஐந்து படிவத்தையும் மேஜை மேல் வரிசையாக வைத்து, அண்ணனே எழுதிக் கொடுத்திருக்கிறார் பாருங்கள் என்றார். என் நீலப் பேனா, என் டிக், ஒன்றுகூடக் கோணவில்லை. சித்தப்பா என்னைப் பார்த்துச் சிரித்தான். சின்ன வயதில் இருட்டு மாடிப்படியில் நான் முன்னால் ஏறினால் பின்னால் பயமில்லாமல் ஏறுவானே, அந்த நம்பிக்கை அப்படியே இருந்தது அந்தச் சிரிப்பில். டாக்டர் சம்மதப் படிவத்தை நீட்ட, அவன் பேனாவை எடுத்துவிட்டான்.

“டாக்டர், அதுல நான் எழுதினது அத்தனையும் பொய்” என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், பிளாட்ஃபாரம் உட்பட. சொல்லச் சொல்ல வார்த்தை தானாக வந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. “உங்க படிவத்தையும் சேத்து வச்சுத்தான் அஞ்சு வருஷமா மத்தவங்களுக்குப் பதில் சொல்லிட்டு இருந்தேன்” என்றார். என் தம்பி ஒருவனோடு போகிற விஷயம் என்று நினைத்தேன், எனக்குப் பின்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களை நான் நினைத்தே பார்க்கவில்லை.

எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிஃப்டில் ஏறி அதன் சத்தத்தைக் கேட்டு ரெண்டு குறை சொல்லாமல் உன் சித்தப்பா இறங்க மாட்டான். அன்று படியில் இறங்கினான், நான்கு மாடி, என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி நிறுத்துமிடத்தில் நின்று, “நான் கையெழுத்துப் போட்டிருந்தா என்னண்ணா பண்ணியிருப்பே?” என்று கேட்டான். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவன் ஃபோனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, உனக்கு வலிக்குமா அண்ணா என்று மட்டும் கேட்டான். வாலு, ஐந்து வருடத்தில் அப்படி என்னை ஒருவரும் கேட்டதில்லை, கேட்க நான் விட்டதில்லை. அவன் முன்னால் அழுதுவிட்டேன், அறுபத்தெட்டு வயதில். அம்மா சமையலறையிலேயே நின்றுகொண்டாள். போகும்போது சித்தப்பா, உன் பெண்ணுக்கு நீயே எழுது, நான் சொன்னால் அவள் உன்னை மன்னிக்க நாளாகும் என்றான்.

அந்த டாக்டரே இங்கே கடிதம் எழுதிக் கொடுத்தார். நம் மருத்துவமனையில் புது மெஷின் வர இன்னும் ஒரு வருடமாகும், இவருடைய வேலைக்கு அங்கே போவதுதான் நல்லது என்று அவரே சொன்னார், அந்த மனசு எல்லோருக்கும் வராது. இங்கே கதிருக்குத் திட்டம் போடுகிற அம்மா ஒருவர் இருக்கிறார், டாக்டர் இல்லை, இயற்பியல் படித்தவர், எந்நேரமும் காதில் பென்சில். சித்தப்பாவின் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். இந்த மெஷின் ஆளைச் சுற்றி வந்துகொண்டே அடிக்கிறது, அதன் வாயில் இருக்கிற மெல்லிய தகடுகள் சுற்றச் சுற்ற நகர்ந்து கதிரின் வடிவத்தை மாற்றுகின்றன. அதனால் அதிகக் கதிர் விழுகிற சிவப்பு நிறம் சுரப்பியைச் சுற்றி இருந்துவிட்டு, பின்பக்கம் மலக்குடல் வரும் இடத்தில் உள்வாங்கி வளைந்து போகிறது. எனக்குக் கொடுத்த மாதிரி பெட்டி போட்டுக் காட்ட முடியுமா என்று கேட்டேன். சும்மா ஒப்பிட்டுப் பார்க்கத்தான் என்று சொல்லி இரண்டு பொத்தானை அழுத்தினார். சிவப்பு, சதுரமாக, குடலின் முன்பாதி முழுக்க ஏறி உட்கார்ந்தது. நான் பார்த்தேன், சித்தப்பாவும் பார்த்தான். இந்த முறையில் தொந்தரவே வராது என்று நான் எழுதித் தர மாட்டேன், வருகிற வாய்ப்பு குறைவு, வந்தாலும் பெரும்பாலும் லேசாக இருக்கும் என்று அந்த அம்மா அழுத்திச் சொன்னார். எழுதித் தருவதைப் பற்றி எங்களுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா என்னைப் பார்த்தான்.

இன்னொன்று, தினமும் கதிருக்கு முன்னால் படம் எடுத்துப் பார்க்கிறார்கள். மலக்குடல் காலியாக இருக்க வேண்டும், மூத்திரப் பை நிறைந்திருக்க வேண்டும், அப்போதுதான் உள்ளே எல்லாம் திட்டம் போட்ட இடத்தில் இருக்கும். முதல் வாரம் ஒரு நாள் குடலில் காற்று இருக்கிறது என்று அவனை எழுப்பி நடக்கச் சொன்னார்கள், தாழ்வாரத்தில் அரை மணி நேரம் நடந்தான். என் காலத்தில் வாரம் ஒரு படம்தான். அப்போதும் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், நான் ஏமாற்றினேன். வண்டி ஏறுமுன் தண்ணீர் குடித்தால் நடுவழியில் நிறுத்த வேண்டிவரும் என்று முப்பத்தோரு வருடம் தொண்டையைக் காயப் போட்டவன், டம்ளரை அங்கே இருந்த பூந்தொட்டியில் ஊற்றிவிட்டுக் குடித்தாயிற்று என்பேன். அந்தச் செடி மட்டும் தளதளவென்று இருந்தது. என் கஷ்டத்துக்கெல்லாம் அதுதான் காரணம் என்று உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தேன், அதையும் இந்த அம்மாவிடம் கேட்டுவிட்டேன். அதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, பெட்டியின் அகலம்தான் பெரிய காரணமாக இருக்கும், மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்றார். உன் சித்தப்பா எதற்கும் இருக்கட்டும் என்று அவன் தண்ணீர் குடித்து முடிக்கும் வரை என்னைப் பாட்டிலைத் தொட விடுவதில்லை.

எனக்கும் வைத்தியம் ஆகிறது. குடல் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். புதிதாக வேறு நோய் எதுவும் இல்லை, கதிர் பட்ட சுவரில் இரத்தக் குழாய்கள் மெலிந்து கசிகின்றன என்று இரண்டு தடவையாகச் சூடு வைத்து அடைத்தார். இரத்தம் ஏறக்குறைய நின்றுவிட்டது. ஐந்து வருடத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டும், இரத்தம் போனால் எதனால் என்று பார்க்காமல் விடலாமா என்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கீழ்த்தசையை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சி ஒரு நர்ஸ் சொல்லிக் கொடுத்தாள், பேருந்துக்குக் காத்திருக்கிற மாதிரி நின்றுகொண்டே செய்யலாம், ஒருவருக்கும் தெரியாது. எனக்குக் கிடைக்கிற ஒரு நிமிடம் இப்போது ஐந்து நிமிடம் ஆகியிருக்கிறது. முழுக்கச் சரியாகாது என்றும் சொல்லிவிட்டார்கள். இங்கே வரும்போது ரயிலில் நான்கு தடவை எழுந்து போனேன். நான்காவது தடவை சித்தப்பா காலை மடக்கி வழிவிட்டுக்கொண்டே, பெட்டிகளை எண்ணிவிட்டு வருகிறாயா என்று கேட்டான். மூன்று வருடத்தில் நான் ஏறிய முதல் ரயில் அது.

வீட்டு விஷயம். அம்மா கண்ணாடி மாற்றியிருக்கிறாள், இப்போது வீட்டிலுள்ள தூசியெல்லாம் தெளிவாகத் தெரிகிறதாம், துடைக்கிற வேலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமைதோறும் இங்கே வருகிறாள், முதல் தடவை எங்கள் விடுதி அறையைப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டாள். சித்தி, சித்தப்பாவின் வேலை ஃபோனையும் தானே எடுக்கிறாள், லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் பதறாதீர்கள், பொத்தானைக் குத்தாதீர்கள், ஆள் வருகிறது என்று பேசிப் பேசிப் பெரிய ஆளாகிவிட்டாள். மாப்பிள்ளைக்கு முதுகு வலி என்று அம்மா சொன்னாள். நாற்காலியின் உயரத்தைச் சரிபார்க்கச் சொல், முழங்கால் இடுப்பைவிட மேலே நிற்கக் கூடாது, இதில் மட்டும் என் பேச்சை நம்பலாம். நீயும் ராத்திரி சாப்பாட்டை ஒன்பது மணிக்குத் தள்ளாதே. ஐம்பது தாண்டினால் மாப்பிள்ளை டாக்டரிடம் இந்த நோய்க்கான இரத்தப் பரிசோதனையைப் பற்றிக் கேட்டுக்கொள்ளட்டும், இப்போதே பயப்பட ஒன்றுமில்லை.

சித்தப்பாவை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள், பதினைந்து நிமிடத்தில் வந்துவிடுவான், அதற்குள் முடிக்கிறேன். நீங்கள் இருவரும் உடம்பும் மனதும் நன்றாக இருந்து, நினைத்ததெல்லாம் நடந்து, பல்லாண்டு சேர்ந்து வாழ அப்பாவின் ஆசீர்வாதம். கடிதத்தை மாப்பிள்ளையும் படிக்கட்டும், அவரிடம் ஒளிக்க ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் மறக்காதே. போன மாதம் அம்மாவிடம், இனிமேல் வரச் சொல்லி அப்பாவைக் கேட்க மாட்டேன், கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது என்று சொன்னாயாம். நியாயம்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்யும்போது அம்மாவோடு பேசிவிட்டு வைத்துவிடாதே, என்னிடம் கொடுக்கச் சொல். இன்னும் ஒரே ஒரு தடவை கேள்.

உன்
அப்பா